தாழ்த்திய ஸ்விஃப்டுக்கு வீட்டிலேயே அலைன்மென்ட்: நூல், தூக்குக்குண்டு, டியூப் லெவல்

வண்டி: இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல். வீல்பேஸ் 2430 மி.மீ., டயர் 185/65 ஆர்15. முன்னால் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). மாற்றியவை: நான்கு மூலைக்கும் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், முன் ஸ்ட்ரட்டுக்குக் கேம்பர் போல்ட் ஒரு ஜோடி. கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். வேலை நடந்த இடம் வீட்டு போர்டிகோ. 3டி அலைன்மென்ட் மெஷின் கடைசியில் சரிபார்க்க மட்டும்.

ஸ்பிரிங் மாற்றிய கையோடு கடைக்கு ஓட்டிப் போய் டோ மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கம். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது இடவலச் சக்கரங்களின் முன்முனைகள் எவ்வளவு நெருங்கியோ விலகியோ நிற்கின்றன என்பது; நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். திரையில் கட்டம் பச்சையாகும், வண்டியும் நேராக ஓடும். சில மாதம் கழித்துக் குனிந்து பார்த்தால் முன் டயரின் உள்விளிம்பு வழுக்கையாகியிருக்கும். மெஷின் பொய் சொல்லவில்லை. அது அளந்த நேரத்தில் வண்டி அதன் சரியான உயரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் முறுக்கேறிக் கிடந்தன, கேம்பர் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தது. இவற்றை விட்டுவிட்டு டோவைத் திருப்புவது, கோணலான நிலைச்சட்டத்தில் கதவைச் சீவிப் பொருத்துவது போன்றது.

ஆகவே வரிசை இதுதான்: புஷ், உயரம், ஆட்டம் (தளர்ந்த பாகம்), கேம்பர், ஸ்டேரிங் நடு, டோ. இந்த வரிசையைக் கலைத்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

தாழ்த்தும்போது என்ன மாறுகிறது

இந்த வண்டியில் கம்பெனி நம் கையில் கொடுத்திருப்பது முன் டோ ஒன்றே. முன் கேம்பர், காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்), பின் கேம்பர், பின் டோ எல்லாம் வார்ப்பிலேயே முடிந்துபோனவை. கேம்பர் போல்ட் போட்டதால் முன் கேம்பரும் கைக்கு வருகிறது.

வண்டி 30 மி.மீ. இறங்கினால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கையின்) வெளிமுனை பாடியைப் பொறுத்து 30 மி.மீ. மேலே ஏறுகிறது. ஆர்ம் கிடைமட்டத்தை நெருங்கும்வரை அதன் முனை சற்று வெளியே தள்ளப்படும். அதனால் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் தானாகக் கிடைக்கும். கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் கதை தலைகீழ். அதற்குமேல் சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கக் கேம்பர் கூடுவது நின்று, குறையவும் தொடங்கும். ரோல் சென்டரும் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்குவதால், தாழ்த்திய வண்டி வளைவில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சாய முனையும். 60 மி.மீ. வரை இறக்கிய வண்டிகள் பார்க்க அழகாக இருந்தும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளில் திணறுவதற்கு இதுவே பெரிய காரணம். ஸ்ட்ரட் வண்டிக்கு 25 முதல் 35 மி.மீ. போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

காஸ்டர் அதிகம் மாறுவதில்லை. முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கினால் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. முன்பக்கம் மட்டும் 10 மி.மீ. கூடுதலாக இறங்கினால், 2430 வீல்பேஸுக்கு வண்டி கால் டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது; காஸ்டரும் அதே கால் டிகிரி குறைகிறது. ஸ்டேரிங் தானாகத் திரும்பி வரும் சுபாவம் லேசாகத் தளரும், அவ்வளவுதான்.

புஷ் இறுக்குவது: பாதிப் பேர் தவறவிடும் இடம்

லோயர் ஆர்ம் புஷ்ஷும் பின் பீம் புஷ்ஷும் ரப்பரை இரும்புக் குழாயோடு ஒட்டி வார்த்தவை. நடுவில் இருக்கும் குழாய் போல்ட்டோடு இறுகிவிடும், சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இந்தப் போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். கீழே இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே நிற்கும். விளைவு மூன்று: வண்டி சில மி.மீ. உயரமாகவே நிற்கும், சின்னக் குழியிலும் விறைப்பாகக் குதிக்கும், புஷ் காலத்துக்கு முன்பே கிழியும். ஸ்பிரிங் சரியில்லை என்று பலர் குறை சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: எல்லாப் போல்ட்டையும் கைப்பதத்தில் மட்டும் விட்டு வண்டியை இறக்குங்கள். நான்கு சக்கரத்தையும் கெட்டியான மரப்பலகை அடுக்கின் மேல் ஏற்றினால் அடியில் ஸ்பேனர் போட இடம் கிடைக்கும். ஒவ்வொரு மூலையையும் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். அதன்பிறகே கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ஸ்டெபிலைசர் லிங்க்கின் இரண்டு முனைகளும் இப்படியே. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக்கூடாது.

பிறகு உயரம். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் தேய்மானமும் குழப்பும். ஹப்பின் (சக்கர மையத்தின்) நடுவிலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்பே இந்த நான்கு எண்களையும் எழுதி வைத்திருந்தால்தான் உண்மையில் எத்தனை மி.மீ. இறங்கியது என்று தெரியும். இடதுக்கும் வலதுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கீழ்முனை அதன் படியில் சரியாக உட்காராமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்கும், அல்லது மேல் ரப்பர் சீட் மடங்கியிருக்கும்.

புது ஸ்பிரிங் கொஞ்சம் அமரும். இருநூறு, முந்நூறு கி.மீ. நிதானமாக ஓட்டிவிட்டு இறுதி அளவை எடுப்பது நல்லது. அதுவரை ஓட்டுவதற்கு டோவை மட்டும் தோராயமாகச் சமன் செய்துகொள்ளலாம்.

ஆட்டம் பார்ப்பது

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட்; இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் வந்தால் டை ராட் எண்ட் அல்லது ராக். ராக் என்பது ஸ்டேரிங் திருப்பும்போது இடவலமாக நகரும் பல்தண்டு; டை ராட் அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு. ஸ்டேரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொக்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மேல் பேரிங் போய்விட்டது. ஆட்டம் உள்ள வண்டியில் அலைன்மென்ட் செய்வது வீண். பாகத்தை மாற்றிவிட்டு வாருங்கள்.

தளத்தைச் சமன் செய்தல்

போர்டிகோ தரை மழைநீர் வடிய வாட்டம் விட்டுக் கட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத 10 மி.மீ. வாட்டம் இடவலமாக இருந்தால், சுமார் ஒன்றரை மீட்டர் ட்ராக்குக்கு (இடவலச் சக்கரங்களின் இடைவெளி) 23 நிமிடக் கோணப் பிழை; ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். நாம் பிடிக்க நினைக்கும் அளவே இந்தப் பிழைக்குள் மறைந்துவிடும்.

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் இதற்கு ஏற்ற கருவி. நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, தாழ்ந்த இடத்தில் ப்ளைவுட் துண்டும் டைல்ஸ் துண்டும் அடுக்கி, நான்கும் ஒரு மி.மீ. வித்தியாசத்துக்குள் வரும்வரை ஏற்றுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிறகு தரையில் பெயின்டால் குறித்துவிட்டால் அடுத்த முறை இந்த அரை மணி நேரம் மிச்சம்.

முன் சக்கரங்களுக்கு அடியில் வழுக்குத் தட்டு வேண்டும். இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ்களைப் பளபளப்பான முகம் ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவில் கிரீஸ் தடவினால் போதும். அடியில் ப்ளைவுட் இல்லாவிட்டால் டைல் உடையும். இந்தத் தட்டு இல்லாமல் கேம்பரையோ டோவையோ மாற்றினால் டயர் தரையைப் பற்றிக்கொண்டு சஸ்பென்ஷனை நெரிக்கும், அளவு தவறும்.

டயர் காற்று கதவோரம் ஒட்டியுள்ள ஸ்டிக்கர்படி. எரிபொருள் பாதி டாங்க். ஓட்டுநர் தனியாகவே அதிகம் ஓட்டும் வண்டி என்றால் ஓட்டுநர் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று.

நூல் கட்டுவது

ஒரே நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களில் ஒரே இடைவெளியில் வாள் கீறல் போட்டு, ஒன்றை முன் பம்பருக்கு முன்னும் மற்றதை டிக்கிக்குப் பின்னும் ஸ்டாண்டில் வைத்து, கீறலில் நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கீறல் இடைவெளி ஒன்றே என்பதால் இரண்டு நூலும் தானாகவே இணையாக இருக்கும். நூல் ஹப் நடுவின் உயரத்தில் ஓட வேண்டும். குழாய்களை நகர்த்தி, ஹப் நடுவிலிருந்து நூல்வரை முன்னால் இடமும் வலமும் சமம், பின்னால் இடமும் வலமும் சமம் என்று கொண்டுவாருங்கள். முன் எண்ணும் பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு ட்ராக்கும் ஒரே அகலம் அல்ல.

15 இஞ்ச் ரிம்மின் வெளிவிளிம்பு குறுக்களவு ஏறக்குறைய 400 மி.மீ. இதை அளந்து உறுதிசெய்துகொண்டால் மீதி எல்லாம் எளிய கணக்கு: 400 மி.மீ.க்கு 7 மி.மீ. என்றால் ஒரு டிகிரி, 1 மி.மீ. என்றால் எட்டரை நிமிடம். கேம்பருக்கும் டோவுக்கும் இதே கணக்கு.

ரிம் லேசாக வளைந்திருந்தால் அளவு ஏமாற்றும். ரிம்மில் சாக்பீஸ் குறி போட்டு ஒரு முறை அளந்து, வண்டியைச் சக்கரத்தின் அரைச்சுற்று உருட்டி மீண்டும் அளந்து சராசரி எடுங்கள். உருட்டினால் தட்டின் மேல் நிற்காதே என்றால், சக்கரத்தைத் தூக்கி அரைச்சுற்று சுற்றி இறக்குங்கள். ஆனால் ஜாக்கியிலிருந்து இறக்கிய சக்கரம் உள்வாங்கி நிற்கும். அமுக்கி ஆட்டி இயல்புக்குக் கொண்டுவராமல் ஸ்கேலைத் தொடாதீர்கள்.

முதலில் பின் சக்கரம். அதைத் திருப்ப முடியாது என்பதால்தான் முதலில் அளக்க வேண்டும். வண்டி எந்தத் திசையில் ஓடும் என்பதை பின் அச்சே தீர்மானிக்கிறது. இந்த வண்டியில் இடது பின் சக்கரம் 2 மி.மீ. டோ-இன், வலது 1 மி.மீ. டோ-இன். மொத்தம் 3. வித்தியாசத்தில் பாதி, அரை மி.மீ., நாலு நிமிடம் சொச்சம் உந்துகோணம் (பின் அச்சு வண்டியைத் தள்ளும் திசையின் சாய்வு), வலப்பக்கமாக. இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 15 நிமிடத்துக்கு மேல் போனால் பீம் வளைந்ததா, புஷ் கிழிந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் ஹப் ஸ்பிண்டிலுக்கும் பீமுக்கும் நடுவே கோணம் சீவிய ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைக்கலாம். ஷிம் முழு முகத்தையும் தாங்க வேண்டும். இரண்டு போல்ட்டுக்கு மட்டும் வாஷர் வைத்துச் சாய்ப்பது ஆபத்து. நடுவில் வெற்றிடம் விழுந்து போல்ட் களைத்து முறியும்.

கேம்பர்

தூக்குக்குண்டை ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டையும் அளக்க வேண்டும். டயர் அடியில் பிதுங்கியிருக்கும் என்பதால் நூல் 40 மி.மீ.யாவது வெளியே தள்ளித் தொங்கட்டும். காற்றடித்தால் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிவிட்டால் ஆடாது. மேல் இடைவெளி அதிகம் என்றால் நெகட்டிவ்.

கேம்பர் போல்ட் போடும் முன் வந்தது: இடது 5 மி.மீ., அதாவது 43 நிமிடம் நெகட்டிவ். வலது 2 மி.மீ., 17 நிமிடம். இந்தப் பக்க வித்தியாசமே வண்டியை வலப்புறம் இழுக்கப் போதும். எந்தப் பக்கம் கேம்பர் அதிகம் பாசிட்டிவோ அந்தப் பக்கம் வண்டி போகும். இலக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை டிகிரி நெகட்டிவ், அதாவது பத்தரை மி.மீ. அன்றாட ஓட்டமும் மலைப்பாதையும் கலந்த வண்டிக்கு இது சரியான அளவு. ரேஸ் ட்ராக்கில் ஓட்ட மட்டும் என்றால் இன்னும் கூட்டலாம். நகர நெரிசலில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒரு டிகிரியே போதும்.

கேம்பர் போல்ட் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இரண்டு துளைகளில், தயாரிப்பாளர் சொல்லும் துளையில், பெரும்பாலும் மேல் துளையில் போகும். தண்டு மூலப் போல்ட்டைவிட மெலிது. நடுவில் ஒரு பக்கம் புடைப்பு இருக்கும். கீழ்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, அதை அச்சாக வைத்து, மேல் போல்ட்டைத் திருப்பும்போது நக்கிள் சாயும். புடைப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தலையில் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதை மறந்தால் ஒரு பக்கம் நெகட்டிவ், மறுபக்கம் பாசிட்டிவ் ஆகிவிடும்.

இறுக்கும்போது கேம்பர் போல்ட்டோடு வந்த தாளில் உள்ள டார்க்கைப் பின்பற்றுங்கள், மூலப் போல்ட்டின் டார்க்கை அல்ல. மெலிந்த தண்டு அதைத் தாங்காமல் நீளும். குறைவாக இறுக்கினால் முதல் பெரிய குழியிலேயே கேம்பர் நழுவும். ஸ்ட்ரட் தாடைக்கும் நக்கிளுக்கும் இடையே உள்ள முகத்தில் துருவோ பெயின்டோ இருந்தாலும் நழுவும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் தடவக்கூடாது.

இன்னொரு கவனம்: இந்த முறையில் டயரின் மேற்பகுதி ஸ்ட்ரட்டை நோக்கி நெருங்கும். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் குறைந்தது 5 மி.மீ. வேண்டும். அகலமான ரிம் போட்டிருந்தால் இதுவே எல்லை. ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தும் கேம்பர் பிளேட்டில் சக்கரமும் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாயும் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ரப்பர் மவுண்ட் போய் இரும்புப் பேரிங் வருவதால் நம் ஊர்ச் சாலையின் இரைச்சல் முழுதும் கேபினுக்குள் வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம்.

பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஸ்டேரிங்கை இரு கோடிக்கும் திருப்பும்போது விறைக்காமல் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

டோ

கேம்பரை மாற்றியதும் டோ கெட்டிருக்கும், கெட்டே தீரும். நக்கிள் கீழ் பால் ஜாயின்ட்டைச் சுற்றிச் சாய்கிறது. டை ராட் எண்ட் அதைவிட உயரத்தில் இருப்பதால் அதுவும் உள்ளே வர வேண்டும், ஆனால் டை ராடின் நீளம் மாறாது. எனவே ஸ்டேரிங் ஆர்ம் (நக்கிளில் டை ராட் மாட்டும் கை) வெளியே தள்ளப்படுகிறது. ராக் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் சக்கரத்தின் பின்பக்கம் வெளியே போகும், டோ-இன் கூடும். ராக் முன்னால் இருந்தால் டோ-அவுட். கேம்பருக்குப் பிறகே டோ என்று சொல்வது இதனால்தான்.

ராடைத் தொடும் முன் ஸ்டேரிங் நடு. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, சீட்டுக்கும் ஸ்டேரிங்குக்கும் நடுவே கட்டை முட்டுக் கொடுத்து அசையாமல் கட்டுங்கள். ஸ்டேரிங் நேராகத் தெரியவில்லை என்பதற்காக அதைக் கழற்றிப் பல்மாற்றிப் போடுவது தவறு. ராக் நடுவில் இல்லாமல் போனால் இடது வளைவுக்கும் வலது வளைவுக்கும் திருப்பம் வேறுபடும்.

வந்த அளவு மொத்தம் 7 மி.மீ. டோ-இன், அதாவது ஒரு டிகிரி. இலக்கு மொத்தம் பூஜ்யத்திலிருந்து 1 மி.மீ. டோ-இன். முன்சக்கர இயக்க வண்டியில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது புஷ் நெகிழ்ந்து சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பும். ஆகவே நிற்கும்போது அதிக டோ-இன் தேவையில்லை.

லாக் நட்டைத் தளர்த்தும் முன் துரு நீக்கி எண்ணெய் அடித்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ராடை மூடும் ரப்பர் உறையான பூட்டின் சிறு கிளிப்பைக் கழற்றி, உதடு ஒட்டிய இடத்தில் சிலிக்கான் கிரீஸ் விட வேண்டும். இல்லையென்றால் ராடோடு சேர்ந்து பூட் முறுக்கிக் கிழியும், மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து ராக்கே போகும். சில நூறு ரூபாய்ப் பூட்டுக்காக முழு ராக்கை மாற்றும் நிலை இப்படித்தான் வருகிறது.

மரை 1.25 மி.மீ. பிட்ச், ஸ்டேரிங் ஆர்ம் 120 மி.மீ. என்றால் ராட் ஒரு சுற்றுக்கு அந்தச் சக்கரம் 36 நிமிடம் திரும்பும். அறுகோணத்தின் ஒரு முகம் 6 நிமிடம். பக்கத்துக்கு 30 நிமிடம் குறைக்க ஐந்து முகம். ராக் பின்னால் என்பதால் டோ-இன் குறைய ராட் குட்டையாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பி, வண்டியை அமுக்கி விட்டு, மீண்டும் அளந்தபோது மொத்தம் 1 மி.மீ. டோ-இன். இரு பக்கமும் வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். மூன்று நாலு மரைக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது.

லாக் நட்டை இறுக்கும்போது ராட் எண்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது சாய்ந்து இறுகும். அப்போது பால் ஜாயின்ட் ஒரு பக்கம் முட்டி, முழுத் திருப்பத்தில் 'கடக்' என்று கேட்கும்.

மெஷினும் சாலையும்

3டி மெஷின் உள்ள எந்தக் கடையிலும் சரிபார்க்கலாம். புதுச்சேரியில் தயாராகும் மனாடெக் மெஷின்கள் தமிழ்நாட்டுக் கடைகளில் பரவலாக உண்டு. ஆபரேட்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது: திரையில் உள்ள கம்பெனி அளவு கம்பெனி உயரத்துக்கானது, கேம்பர் சிவப்பாகத்தான் காட்டும், அதைத் தொட வேண்டாம். வண்டியைப் பின்னோக்கி உருட்டி ரன்-அவுட் (சக்கரம் சுழலும்போது வரும் கோணல்) எடுக்கும் படியைத் தாவவிடாதீர்கள். காஸ்டர் எடுக்கும்போது பிரேக் பெடலுக்கு முட்டுக் கட்டை இருக்க வேண்டும். அச்சிட்ட தாளை வாங்கி வையுங்கள். வீட்டு அளவுக்கும் மெஷினுக்கும் 10 நிமிடத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நூல் வேலை சரி.

ஓட்டிப் பார்க்கும்போது சாலையின் இடது ஓரம் மழைநீருக்காகச் சரிந்திருக்கும். லேசான இடது நகர்வு இயல்பு. நடுவில் மேடில்லாத காலிச் சாலையில் பாருங்கள். அங்கும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், டயரின் சுழல்திசை அனுமதித்தால். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்.

நூறு கி.மீ. ஓடியதும் கேம்பர் போல்ட், லாக் நட் இரண்டையும் டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள், பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்றும். ஆயிரம் கி.மீ.யில் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பப்பல் போல உறைத்தால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே போகும்போது உறைத்தால் டோ-அவுட். இரு திசையிலும் வழவழப்பாக இருந்து, உள்விளிம்பு மட்டும் ஒரே சீராகச் சற்று அதிகம் தேய்ந்திருந்தால் அது கேம்பரின் தேய்மானம். ஒன்றரை டிகிரிக்கு அது மெதுவாகத்தான் வரும், ஐயாயிரம் கி.மீ.க்கு ஒரு முறை முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போட்டால் சமாளிக்கலாம்.

முடிவில் நின்ற அளவு: முன் கேம்பர் இடது 1 டிகிரி 30 நிமிடம், வலது 1 டிகிரி 26 நிமிடம், இரண்டும் நெகட்டிவ். முன் டோ மொத்தம் 1 மி.மீ. உள்ளே. பின்னால் வந்தது வந்தபடி, ஷிம் வைக்கவில்லை. டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுண்ட் இவற்றில் எது மாறினாலும் நூலை மறுபடி கட்ட வேண்டும்.